திருநங்கைகளின் பேச்சு வட்டம்: கடலூரில் ஒரு குழுவைத் தொடங்கி நடத்த முழுமையான வழிகாட்டி

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் திருநங்கைகளுக்காகக் குழு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் என்னைத் தேடி வருவார்கள். "முதல் வாரம் பதினைந்து பேர் வந்தார்கள் அக்கா, இந்த வாரம் மூன்றே பேர்" என்பார்கள். முதல் நாள் என்ன பேசினீர்கள் என்று கேட்பேன். எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

என் முதல் குழுவை நானும் அப்படித்தான் கெடுத்தேன். ஆணுறைப் பெட்டியோடு போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி எழுந்து, "எங்களைப் பார்த்தால் எல்லோருக்கும் அந்த நோய்தான் ஞாபகம் வருகிறது, உனக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப வரவில்லை.

இங்கே சொல்லப்போவது திருநங்கையே திருநங்கையருக்கு நடத்தும் குழுவைப் பற்றி. வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், எட்டு அமர்வுகள். உளவியலாளர் பின்னணியில் இருப்பார், வட்டத்தில் உட்காருவது நாம்தான். முதலில் அவமானத்தைப் பேச வேண்டும், அடுத்து உடம்பை, கடைசியில் மருத்துவமனையை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் ஜமாத் பெரியவர்களைப் பாருங்கள்

இடம் பார்ப்பதற்கும் ஆள் சேர்ப்பதற்கும் முன்னால் அந்தப் பகுதியின் ஜமாத் (திருநங்கைகளின் சமூக அமைப்பு) தலைவியையும் மூத்த குருமார்களையும் நேரில் பார்த்துப் பாம்படுத்தி (நம் வணக்கம்) சொல்லிவிட்டு விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்வதை அவர்கள் மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

குருவுக்குத் தெரியாமல் அவருடைய சேலா, அதாவது சீடர், ஒரு கூட்டத்துக்குப் போனால் அது குருவுக்கு எதிராகப் பேசும் கூட்டம் என்றே நினைக்கப்படும். இரண்டாவது வாரமே "அங்கே போகாதே" என்று உத்தரவு வந்துவிடும். வட்டத்தில் என்ன பேசப்படும் என்பதைக் குருவிடம் மறைக்காதீர்கள். யார் என்ன பேசினார்கள் என்பது மட்டும் வெளியே வராது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சில குருமார்கள் முகம் சுளிப்பார்கள். முதல் சந்திப்பில் சுளித்தால் போதும், பிறகு சுளிக்க மாட்டார்கள்.

'சிகிச்சை', 'தெரபி' என்ற சொற்களை அழைப்பில் சேர்க்காதீர்கள். "எனக்கென்ன பைத்தியமா" என்ற பதில்தான் வரும். நாங்கள் 'வட்டம்' என்கிறோம்.

2. நடத்துபவர் யார்?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேச்சை நடத்தும்போது மற்றவர் முகங்களைக் கவனிக்க வேண்டும். யாராவது எழுந்து வெளியே போனால் பின்னாலேயே போவதும் அந்த இரண்டாமவரின் வேலை.

நன்றாகப் பேசத் தெரிந்தவரைத் தேடாதீர்கள். அடுத்தவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். குழுவில் இருப்பவர்களுக்கு அவர் குருவாகவோ, வட்டிக்குப் பணம் கொடுத்தவராகவோ, வீட்டு வாடகை வாங்குபவராகவோ இருக்கக் கூடாது. கடன் கொடுத்தவளிடம் மனம் திறந்து அழ யாராலும் முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் கடலூர் முதுநகர்க் குழுவுக்குப் பண்ருட்டியிலிருந்தும், பண்ருட்டிக் குழுவுக்குச் சிதம்பரத்திலிருந்தும் ஆள் போடுகிறோம்.

மனநல மருத்துவர், உளவியலாளர், பயிற்சி பெற்ற ஆலோசகர் இவர்களில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நடத்துபவர்கள் இருவரோடும் உட்கார்ந்து பேச ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை தொடங்காதீர்கள். தற்கொலை எண்ணமோ பழைய வன்கொடுமையோ வெளியே வரும்போது அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நிற்க நேரும்.

3. இடமும் நேரமும்

மருத்துவமனை வளாகம், தொண்டு நிறுவன அலுவலகம், குருவின் வீடு மூன்றும் வேண்டாம். குருவின் வீட்டில் குரு நாற்காலியிலும் சேலாக்கள் தரையிலும் உட்காரும் வழக்கம் தானாக வந்துவிடும். வாடகைக்கு ஒரு மாடி அறை பிடித்து எல்லோருக்கும் ஒரே பாயை விரியுங்கள். அறைக்குக் கழிப்பறை இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அடிக்கடி சிறுநீர் போகிறவர்கள் இருப்பார்கள், கழிப்பறை இல்லையென்றால் காரணம் சொல்லாமலே நின்றுவிடுவார்கள். என்னிடம் ஒருவர் அதைச் சொல்ல ஐந்து மாதம் ஆயிற்று.

கடை கேட்கப் போகிறவர்கள் (கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவர்கள்) காலையில் வர முடியாது. இரவில் தொழிலுக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு முன் எழ மாட்டார்கள். ஆகவே பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் தொடங்காதீர்கள். சித்திரை வந்ததும் கூவாகம் திருவிழா, கடலூரிலிருந்து உளுந்தூர்பேட்டைப் பக்கம் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து தங்குவார்கள், குழு நடுவில் அறுந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கெடிலத்தில் வெள்ளம் வரும் வாரத்தில் யாரையும் வரச் சொல்ல முடியாது. வைகாசியில் தொடங்கினால் எட்டு வாரமும் தடையில்லாமல் ஓடும்.

பஸ் கட்டணத்தை வந்தவுடன் கையில் கொடுத்துவிடுங்கள். முடிவில் கொடுத்தால், மனம் கலங்கி நடுவில் எழுந்து போக நினைக்கிறவர் அந்த முப்பது, நாற்பது ரூபாய்க்காக உட்கார்ந்திருப்பார்.

4. ஆட்களைத் தேர்ந்தெடுத்தல்

எட்டுப் பேர், அதிகம் போனால் பத்து. அதற்கு மேல் போனால் ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. ஒரே வட்டத்தில் குருவும் அவருடைய சேலாவும் இருக்கக் கூடாது. ஒரே துணைவரைப் பற்றிச் சண்டையிட்ட இருவரும் கூடாது. இதையெல்லாம் விசாரிக்க வெட்கப்படாதீர்கள்.

ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து அரை மணி நேரம் பேசுங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ. கேள்வித்தாள் தமிழில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தாளை நீட்டாமல் நீங்களே வாசித்துக் கேளுங்கள். எழுத்து தெரியாததை மறைக்க "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வருகிறவர்களைப் பற்றி உங்கள் ஆலோசகரிடம் பேசுங்கள். ஒன்பதாவது கேள்வி சாவதைப் பற்றியது. அதற்கு 'இல்லை' என்பதைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே எட்டாம் பகுதியில் உள்ளபடி செய்யுங்கள்.

18 வயது நிரம்பாதவர்களை இந்த வட்டத்தில் சேர்க்காதீர்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

5. முதல் அமர்வு: விதிகள் மட்டும்

முதல் நாளே ஆளாளுக்குத் தன் கதையைச் சொல்ல வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதல் ஆள் வீட்டைவிட்டு வந்ததைச் சொல்வார், இரண்டாமவர் அதைவிடக் கொடுமையானதைச் சொல்வார், நான்காம் ஆள் வரும்போது யார் அதிகம் பட்டார்கள் என்ற போட்டியாகிவிடும். அதிகம் படாதவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். நிறையச் சொன்னவர்கள் வீட்டுக்குப் போய் "ஏன் சொன்னோம்" என்று நொந்து அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

எனவே முதல் நாள் டீ, வடை, பெயர், விதிகள். எந்தப் பெயரில் அழைக்க வேண்டுமோ அந்தப் பெயர் மட்டும். பழைய பெயரை யாரும் கேட்கக் கூடாது. தொலைபேசி அணைந்திருக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் "என்னை விடுங்கள்" என்றால் அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். குடித்துவிட்டு வருகிறவரைத் திட்டாமல் டீ கொடுத்து அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ரகசியம் காப்பதாகச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்றால் அவரிடம் சொல்லிவிட்டு உதவிக்கு ஆள் அழைப்போம். இதை முதல் நாள் சொல்லாமல் ஐந்தாம் வாரம் செய்தால் துரோகம் என்பார்கள்.

6. இரண்டு முதல் நான்கு வரை: அவமானம்

மூன்று வாரம் இதற்குத்தான். அவசரப்பட்டு இரண்டாகச் சுருக்கிய குழுக்கள் எல்லாம் ஆறாம் வாரத்தில் தடுமாறின.

இரண்டாம் வாரம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். மிகப் பெரியது வேண்டாம், கடந்த ஒரு மாதத்தில் நடந்த சிறியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது, மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசைமேல் வீசியது, இப்படி. பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொன்ன சொல் எது? அப்போது உடம்பில் என்ன ஆயிற்று? உனக்குள் நீ என்ன சொல்லிக்கொண்டாய்? அதன் பிறகு எதைச் செய்வதை விட்டுவிட்டாய்?

கடைசிக் கேள்விதான் உயிர். மனம் புண்பட்டதை எல்லோரும் சொல்வார்கள், விட்டதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஒருவர் சொன்னார்: மருத்துவமனையில் சீட்டு வாங்கும் இடத்தில் ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா என்று காவலாளி சத்தமாகக் கேட்டிருக்கிறார், எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாக எந்த மருத்துவமனைக்கும் அவர் போகவில்லை. பெண் ஹார்மோனுக்காக மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டிருக்கிறார். கால் வீங்கிய பிறகும் போகவில்லை. அந்தக் காவலாளியின் ஒரு கேள்விக்கும் வீங்கிய காலுக்கும் உள்ள தொடர்பு அவர் வாயாலேயே அன்று வந்தது. நான் சொல்லியிருந்தால் அறிவுரை என்று தள்ளியிருப்பார்.

மூன்றாம் வாரம், உள்ளே தங்கிவிட்ட சொல். வெளியே இருப்பவன் சொன்னதை நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம்: "நான் பாவப்பிறவி", "எனக்கெல்லாம் யார் வைத்தியம் பார்ப்பார்கள்". ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுங்கள். அந்தச் சொல்லை எவ்வளவு நம்புகிறாயோ அத்தனை கொட்டையை முன்னால் வை என்று சொல்லுங்கள். அந்தச் சொல் உண்மையானால் நடந்திருக்கக் கூடாத ஏதாவது நடந்திருக்கிறதா என்று வட்டத்தையே கேட்கச் சொல்லுங்கள். முடிவில் எத்தனை கொட்டை எடுக்கலாம் என்று அவரே பார்க்கட்டும். ஒன்றும் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, வற்புறுத்தாதீர்கள். எழுதச் சொல்லும் பயிற்சிகளை விட இது நம்மவர்களுக்கு நன்றாக ஒத்துவருகிறது.

இதே வாரம் நமக்குள்ளேயே இருக்கும் தீண்டாமையும் வரும், வர விடுங்கள். நிர்வாணம் ஆனவள் (ஆணுறுப்பை அகற்றிக்கொண்டவள்) ஆகாதவளை இளப்பமாகப் பேசுவது, எச்.ஐ.வி. உள்ளவளின் தட்டைத் தனியாக வைப்பது, கறுப்பு நிறம், சாதி. "வெளியே இருக்கிறவர்கள்தான் நம்மை ஒதுக்குகிறார்கள்" என்று பேசிப் பேசி இதை மூடிவிடுவது சுலபம். மூடினால், ஒதுக்கப்பட்டவள் வட்டத்திலும் ஒதுங்கியே உட்கார்ந்திருப்பாள்.

நான்காம் வாரம் நாடகம். ஒருவர் காவலாளி, ஒருவர் செவிலியர், ஒருவர் நோயாளி. "என் அட்டையில் வேறு பெயர் இருக்கும். கூப்பிடும்போது இந்தப் பெயரில் கூப்பிடுங்கள்" என்ற வாக்கியத்தைப் பத்து முறை சொல்லிப் பழக வேண்டும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். செவிலியராக நடிப்பவர் நம்மைத் திட்டியவர்களை அப்படியே நடித்துக்காட்டுவார், அதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு உண்மையான ஒத்திகையைத் தொடங்குங்கள்.

சொல்லக் கூடாதவை: "அவர்களைக் கண்டுகொள்ளாதே", "மன்னித்துவிடு", "எனக்கு இதைவிட மோசமாக நடந்தது".

7. ஐந்தும் ஆறும்: உடம்பு

இப்போதும் எச்.ஐ.வி.யில் தொடங்காதீர்கள். இப்போது உடம்பில் எது வலிக்கிறது என்று கேளுங்கள். சிறுநீர் எரிச்சல், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, ஊசி போட்ட மார்பில் கட்டி, தூக்கமின்மை ஆகியவைதான் வரும். வலியிலிருந்து தொடங்கினால் மற்றவற்றையும் கேட்பார்கள்.

ஹார்மோன்: கருத்தடை மாத்திரையை அளவில்லாமல் போடுவது ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், புகைபிடித்தால் இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நிர்வாணத்துக்குப் பிறகு ஹார்மோனே எடுக்காமல் விட்டால் எலும்பு தேயும். இரண்டுக்கும் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். பால்மாற்று அறுவைச் சிகிச்சையைச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். கடன் வாங்கி மறைவிடத்தில் செய்துகொள்ளும் எண்ணத்தில் ஒருவராவது உட்கார்ந்திருப்பார்.

ஆணுறை: தேங்காய் எண்ணெயோடு பயன்படுத்தினால் ரப்பர் இளகிக் கிழியும். தண்ணீர் சார்ந்த வழுக்குக் களிம்புதான் வேண்டும். இந்த ஒரு தகவலைக் கேட்டு வட்டமே அதிர்ந்துபோன நாள் உண்டு.

எச்.ஐ.வி.: ஆபத்து நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆணுறை கிழிந்தாலும் இது பொருந்தும், வன்புணர்ச்சி நடந்தாலும் பொருந்தும். பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும், ஆபத்து நேர்ந்து மூன்று மாதம் ஆகாவிட்டால் மீண்டும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் அதற்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவின் வழியாக மற்றவருக்குப் பரவாது. கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்லுங்கள். தட்டைத் தனியாக வைக்கும் பழக்கம் இதற்குப் பிறகுதான் ஆட்டம் காண்கிறது. எச்.ஐ.வி. சாப்பாட்டுத் தட்டால் எப்போதும் பரவியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூடவே சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். முதலாவதற்கு ஊசியில் தீரும் மருந்து உண்டு, இரண்டாவதற்குத் தடுப்பூசி உண்டு.

ஒரு விதி: யாருடைய பரிசோதனை முடிவையும் நீங்கள் கேட்கக் கூடாது, வட்டமும் கேட்கக் கூடாது. ஒருவரின் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும் முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.

8. தற்கொலை எண்ணம் வந்தால்

இதைத் தனிப் பகுதியாக வைத்ததன் காரணம், எந்த வாரத்திலும் இது வரலாம்.

சுற்றி வளைக்காமல் "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது, பேச வழி கிடைக்கும். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சி மருந்து ஆகியவற்றை அப்புறப்படுத்த நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். உங்கள் ஆலோசகரை அழையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். மருந்து குடித்துவிட்டார் என்றால் 108.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடி, உதை, மிரட்டல் என்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

9. ஏழாம் வாரம்: மருத்துவமனைக்குத் துணையாகப் போவது

முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் யார், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களா என்று பார்த்து வாருங்கள். பால்வினை நோய்க்கான சுகவாழ்வு மையம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். வளாகத்தில் வழி கேட்டு அலைவதே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும்.

பிறகு ஒருவர் அல்லது இருவரை மட்டும் கூட்டிப் போங்கள். வேன் பிடித்துப் பத்துப் பேரைக் கொண்டுபோய் இறக்கிய குழு ஒன்று உண்டு. மஞ்சக்குப்பம் முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது, அவர்களில் ஒருவர்கூட முடிவை வாங்கப் போகவில்லை.

கடலூரில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று சிலர் புதுச்சேரிக்குப் போக விரும்புவார்கள். பரிசோதனைக்குப் போகட்டும், தப்பில்லை. ஆனால் கூட்டு மருந்து தொடங்க வேண்டியிருந்தால் திரும்பத் திரும்பப் போக வேண்டும், கன்னியக்கோவில் தாண்டி ஒவ்வொரு முறையும் பஸ் செலவு. எங்கே தொடர்ந்து மருந்து வாங்க முடியுமோ அந்த இடத்தை ஆலோசகரோடு பேசி முதலிலேயே முடிவு செய்வது நல்லது. எந்த மையம் எங்கே இருக்கிறது என்று 1097 எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.

திருநங்கை அடையாள அட்டை வாங்குவதும் பரிசோதனையும் வேறு வேறு வேலை. அட்டை வந்த பிறகு போகலாம் என்று தள்ளாதீர்கள்.

10. எட்டாம் வாரமும் அதற்குப் பிறகும்

அதே ஒன்பது கேள்விகளை மறுபடி கேட்டு முதல் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண் கூடியிருந்தால் அவரைத் தனியாக ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். குழுவில் இருந்ததால் எல்லோருக்கும் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு அதைவிட முக்கியமான கணக்கு, இரண்டாம் வாரத்தில் "விட்டுவிட்டேன்" என்று சொன்னதை யார் மறுபடி தொடங்கினார்கள் என்பது. கால் வீங்கியவர் ஆறாம் வாரத்துக்குப் பிறகு ஒரு திங்கள்கிழமை தனியாகவே போய்ச் சீட்டு வாங்கிவிட்டு, வரிசையில் நின்றபடி எனக்குத் தொலைபேசியில் சொன்னார். எந்த வரிசை என்று கேட்டேன். பெண்கள் வரிசை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

நன்கொடையாளருக்கு அனுப்பப் புகைப்படம் எடுக்காதீர்கள். குறிப்பேட்டில் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதுங்கள், எண்ணுக்கான பெயர்ப் பட்டியல் வேறு வீட்டில் இருக்கட்டும்.

அடுத்த குழுவை நடத்த இந்தக் குழுவிலிருந்தே ஒருவரைக் கேளுங்கள், ஆனால் எட்டாம் வாரமே கேட்காதீர்கள். மாதம் ஒரு முறை டீ குடிக்கக் கூடும் கூட்டங்களில் யார் மற்றவர் பேசும்போது தொலைபேசியைப் பார்க்காமல் இருக்கிறார் என்று நான்கைந்து மாதம் பாருங்கள். கூவாகம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு அவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த வைகாசிக்கு அறை வாடகையைப் பேசி முடிக்க அதற்குள் நேரம் இருக்கும்.